ஒன்பதரை மணிச் செய்தி

நுழையுமுன்

பூட்டை உடைத்துத் திருடுவோர் உண்டு. வீட்டார் தாமே கதவைத் திறந்துவிடும்படி பேசித் திருடுவோரும் உண்டு. இவ்விரண்டாம் வகையினருக்குக் கைப்பேசியும் மின்னஞ்சலும் இன்று வாயில்களாகியுள்ளன. அத்தகையோரை இனங்காண்பது எப்படி? ஏமாற நேர்ந்தால் உடனே செய்ய வேண்டியது யாது? ஒரு குடும்பத்தின் கதை வழியாக இவற்றை அறிவோம்.

1. ஒரு மாலைப்பொழுது

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்று. மார்ச் மாதம். மறுநாள் கணிதத் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு மாணவியான கயல்விழி உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அலுவலகப் பணியாகக் குவாஹாத்தி சென்றிருந்தார். பாட்டி கூடத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா அடுப்பங்கரையில் இருந்தார். மணி எட்டு.

அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அச்செய்தியின் பொருள் இதுதான்:

“அன்புள்ள நுகர்வோரே! சென்ற மாதக் கட்டணம் பதிவாகாததால், இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின் அலுவலரைக் கீழ்க்காணும் எண்ணில் அழையுங்கள்.”

கட்டணத்தைச் செலுத்திவிட்டதாகவே அம்மாவுக்கு நினைவு. ஆயினும் மறுநாள் மகளுக்குத் தேர்வு. விளக்கு அணைந்தால் அவள் எப்படிப் படிப்பாள்? உடனே அவ்வெண்ணை அழைத்தார்.

மறுமுனையில் ஒருவர் பணிவாக இந்தியில் பேசினார். அம்மாவின் இந்தி சற்றுத் தடுமாறியதும், “நீங்கள் தமிழா? கவலைப்படாதீர்கள் அக்கா, நானும் தமிழ்நாடுதான்” என்று தமிழுக்கு மாறினார். தலைநகரில் முன்பின் அறியாத ஒருவர் தம் மொழியில் ‘அக்கா’ என்றழைத்ததும் அம்மாவின் ஐயம் பாதி கரைந்தது.

“வெறும் பத்து ரூபாய் செலுத்தினால் போதும், அக்கா. பழைய கட்டணம் பதிவாகிவிடும். அதற்கு ஒரு செயலி உண்டு. நான் சொல்லும் பெயரைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள்” என்றார் அவர்.

அது கட்டணம் செலுத்தும் செயலி அன்று. ஒரு கைப்பேசியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்க்க உதவும் செயலி. அம்மா பத்து ரூபாய் செலுத்துவதற்காக வங்கி அட்டையின் விவரங்களைத் தட்டினார். அவர் தட்டிய ஒவ்வோர் இலக்கமும், அடுத்தடுத்து வந்த ஒருமுறைக் கடவுச்சொற்களும் மறுமுனையில் இருந்தவருக்குத் தெரிந்தன. முதலில் 20,000 ரூபாய் போயிற்று. சில நிமிடங்களில் 18,000 ரூபாய் போயிற்று. அது கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குச் செல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம்.

2. விடியட்டும் என்று இருக்கலாமா?

தண்ணீர் குடிக்க வந்த கயல்விழி, அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் அமர்ந்திருந்த அம்மாவைக் கண்டாள். நடந்ததை அவர் மெல்லச் சொன்னார். பிறகு அவள் கையைப் பற்றிக்கொண்டு, “அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவர் திரும்பி வந்ததும் நானே சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். படித்தவள் இப்படி ஏமாந்தேன் என்றால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்?” என்றார்.

கூடத்திலிருந்த பாட்டி எழுந்து வந்தார். கைப்பேசியில் எண்ணைத் தட்டவும் அவருக்குத் தெரியாது. ஆனால் நடந்தது இன்னதென்று அவருக்கு விளங்கிற்று.

“இதோ பாரம்மா, களத்தில் கிடக்கும் நெல்லைக் கள்வன் அள்ளிக்கொண்டு ஓடினால், விடியட்டும் என்று எவரேனும் படுத்திருப்பார்களா? கூச்சல் போட்டால்தானே ஊர் எழுந்து வரும்! கள்வன் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டான். இந்த ஊரில் யாரைக் கூப்பிட வேண்டுமோ, அவரைக் கூப்பிடு” என்றார்.

பள்ளி அறிவிப்புப் பலகையில் பார்த்த ஓர் எண் கயல்விழியின் நினைவுக்கு வந்தது: 1930. அம்மாவின் கைப்பேசியில் இணையத் தொடர்பை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்த மற்றொரு கைப்பேசியில் அவ்வெண்ணை அழைத்தாள். வங்கியின் பெயர், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றை மறுமுனையில் கேட்டார்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்து அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த வங்கி எண்ணை அழைத்து அட்டையை முடக்கினார்கள். அந்தச் செயலியையும் நீக்கினார்கள்.

இவையெல்லாம் முடிந்தபோது மணி ஒன்பதரை. விளக்கு அணையவில்லை.

இரண்டாம் தொகையான 18,000 ரூபாய் வழியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. உரிய நடைமுறைகள் முடிந்தபின் அது கணக்குக்குத் திரும்பியது. முதலில் போன 20,000 ரூபாய் கிட்டவில்லை. ஊர்ப்பயணம் கோடையிலிருந்து தசரா விடுமுறைக்குத் தள்ளிப்போயிற்று.

அன்றிரவே அம்மா குவாஹாத்திக்கு அழைத்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சென்ற ஆண்டு என் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருப்பதாகவும், சுங்கவரி கட்ட வேண்டும் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. நம்பி ஐயாயிரம் ரூபாய் கட்டினேன். வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால், இன்றைக்கு நீ ஒருமுறை யோசித்திருப்பாய்” என்றார்.

3. நான்கு சொற்கள்

மோசடிச் செய்திகள் பல வடிவங்களில் வருகின்றன. ஆனால் அவை நம் மனத்தில் தொடும் இடங்கள் சிலவே. அவற்றை நான்கு சொற்களில் நினைவில் கொள்ளலாம்: அச்சம், ஆசை, அதிகாரம், அவசரம்.

அச்சம்: மின்சாரம் நின்றுவிடும், வங்கிக் கணக்கு முடங்கிவிடும், கைப்பேசி எண் செயலிழந்துவிடும் என அச்சுறுத்துவது.

ஆசை: பரிசு விழுந்தது, வீட்டிலிருந்தே வேலை, கல்வி உதவித்தொகை, இலவச விளையாட்டு நாணயங்கள், தேர்வுக்கு முன்பே வினாத்தாள் என ஆசை காட்டுவது. மாணவர்களை நாடி வரும் தூண்டில்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

அதிகாரம்: காவல்துறை, சுங்கத்துறை, வங்கி மேலாளர் என வேடமிடுவது. சீருடையணிந்த ஒருவர் காணொலி அழைப்பில் தோன்றி, ‘உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம், அறையை விட்டு வெளியேறாதீர்கள், யாரிடமும் பேசாதீர்கள்’ என்று மிரட்டுவதும் இதன்பாற்படும். இந்தியச் சட்டத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இல்லை. பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். ‘நில், சிந்தி, பிறகு செயல்படு’ என்பதே அவ்வுரையில் அவர் கூறிய வழி.

அவசரம்: மற்ற மூன்றும் வேலை செய்வதற்கு இந்த நான்காவது தேவை. சிந்திக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் அச்சம் தெளியும், ஆசை தணியும், வேடம் கலையும். ஆகவேதான் மோசடியாளர் நேரம் தருவதில்லை. ‘அழைப்பைத் துண்டிக்காதீர்கள்’ என்று ஒருவர் வற்புறுத்தினால், அழைப்பைத் துண்டிக்க வேண்டிய நேரம் அதுவே.

இத்தந்திரம் புதியதன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ‘செல்வர் ஒருவர் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடுகிறார், அவரை விடுவிக்கப் பணம் அனுப்பினால் அவருடைய செல்வத்தில் பங்கு கிடைக்கும்’ என்று அஞ்சலில் கடிதம் அனுப்பி ஏமாற்றியவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தனர். அன்று கடிதம் சென்று சேரப் பல நாள் ஆயிற்று. பெற்றவருக்குச் சிந்திக்க நேரம் இருந்தது. இன்று செய்தியும் நொடியில் வருகிறது. பணமும் நொடியில் போகிறது.

4. இனங்காணும் வழிகள்

கயல்விழியின் அம்மாவுக்கு வந்த செய்தியிலேயே சில தடயங்கள் இருந்தன. அது பத்து இலக்கக் கைப்பேசி எண் ஒன்றிலிருந்து வந்தது. வங்கிகளும் நிறுவனங்களும் அனுப்பும் குறுஞ்செய்திகள் பொதுவாக எழுத்துகளால் ஆன பதிவுபெற்ற தலைப்பிலிருந்து வரும். அச்செய்தியில் அம்மாவின் பெயரோ மின் இணைப்பு எண்ணோ இல்லை. ‘அன்புள்ள நுகர்வோரே’ என்று மட்டுமே இருந்தது. ஆயிரம் பேருக்கு வீசிய வலை அது. அம்மா அச்செய்தியிலிருந்த எண்ணை அழைக்காமல், பழைய மின்கட்டண ரசீதிலுள்ள எண்ணை அழைத்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும்.

மின்னஞ்சலிலும் இவ்வாறே ஆராயலாம். அனுப்பியவர் பெயராக எதை வேண்டுமானாலும் ஒருவர் இட்டுக்கொள்ளலாம். ஆதலால் பெயரைப் பார்த்து நம்பாமல், முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருக்கும். அல்லது தொடர்பில்லாத சொல் இருக்கும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நாமே முகவரியைத் தட்டி உரிய தளத்துக்குச் செல்வது பாதுகாப்பானது. இந்திய வங்கிகளின் இணையத்தள முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டில் நெறிப்படுத்தியுள்ளது. இவ்வகை மோசடிக்கு, மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மாற்றி ‘ஃபிஷிங்’ என 1990-களில் பெயரிட்டனர். தமிழில் இதனைத் தூண்டில் மோசடி எனலாம்.

பணம் தொடர்பாக மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. யூபிஐ முறையில் பணம் அனுப்புவதற்கே பின் எண் தேவை. பணம் பெறுவதற்கு அது தேவையில்லை. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன்; இந்தக் கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்துப் பின் எண்ணைத் தட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பணம் தருபவர் அல்லர்; எடுப்பவர். பின் எண்ணும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வீட்டுச் சாவியைப் போன்றவை. எந்த வங்கியும் அவற்றைக் கேட்பதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. தாய்மொழியைக் கேட்டதும் மனம் நெகிழ்வது இயல்பு. ஆனால் தமிழ் பேசுவோர் யாவரும் நம் நலம் நாடுவோர் அல்லர். மொழி உறவை வளர்க்கும். அதுவே ஒருவருடைய அடையாளச் சான்று ஆகாது. உறவினரின் குரலைப் போலவே பேசும் போலிக் குரலையும் இன்று கணினியால் உருவாக்க முடிகிறது. ‘சித்தப்பா பேசுகிறேன், விபத்தில் சிக்கிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று அழைப்பு வந்தால், அதைத் துண்டித்துவிட்டுச் சித்தப்பாவின் வழக்கமான எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதும் நன்று.

5. ஏமாந்தபின் செய்ய வேண்டுவன

1930 என்பது இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கான தேசிய உதவி எண். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ என்னும் தளத்திலும் புகார் அளிக்கலாம். இவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தைச் சார்ந்தவை. புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் அது நிறுத்தி வைக்கப்படுகிறது. வேறு வங்கிக்கு மாறியிருந்தால் அவ்வங்கிக்குத் தகவல் போகிறது. கள்வர் பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பர். அது ரொக்கமாக எடுக்கப்படுமுன் தகவல் அதனை எட்டிப்பிடிக்க வேண்டும். பாட்டி சொன்ன ‘ஊர் எல்லை’ இதுவே.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையும் இதனையே வலியுறுத்தியது. அதன்படி, வாடிக்கையாளர் தம் இரகசிய விவரங்களைப் பிறருக்குத் தெரிவித்ததால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சார்ந்தது. தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சார்ந்தது. மௌனமாகக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏமாந்தவரின் இழப்பைக் கூட்டக்கூடும்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, அதற்கு முன்கட்டணம் கேட்டுப் பின்னர் ஒருவர் அழைக்கக்கூடும். அது இரண்டாவது தூண்டில்.

கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66டி-இன்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். சட்டத்தின் முன் குற்றவாளி ஏமாற்றியவரே, ஏமாந்தவர் அல்லர். அவ்வாறிருக்க, ஏமாந்தவர் வெட்கப்படுவது எதற்காக? வீட்டில் ஒருவர் தாம் ஏமாந்ததைச் சொன்னால், கேட்பவர் சினவாமலும் நகைக்காமலும் கேட்க வேண்டும். அப்போதுதான் அடுத்தமுறையும் சொல்வார்கள், உடனே சொல்வார்கள்.

சொல்லும் பொருளும்

நுகர்வோர் – பொருளையோ சேவையையோ பயன்படுத்துவோர்
செயலி – கைப்பேசியில் குறிப்பிட்ட பணிக்கென நிறுவும் மென்பொருள்
பரிவர்த்தனை – கொடுக்கல் வாங்கல்
ஆள்மாறாட்டம் – தம்மைப் பிறராகக் காட்டிக்கொள்ளுதல்
தடயம் – குற்றத்தைக் காட்டும் அடையாளம்
தண்டம் – தண்டனையாகச் செலுத்தும் பணம்

மொழியை அறிவோம்

‘மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்பது செயப்பாட்டுவினைத் தொடர். துண்டிப்பவர் யார் என்பது இத்தொடரில் இல்லை. ‘மின் அலுவலர் மின் இணைப்பைத் துண்டிப்பார்’ எனச் செய்வினையாக மாற்றினால், ‘எந்த அலுவலர்?’ என்னும் வினா உடனே எழுகிறது. ‘அழையுங்கள்’ என்பது ஏவல் வினைமுற்று. செயலைச் செய்பவரை மறைத்து, நமக்கு மட்டும் கட்டளையிடும் செய்தியைக் கண்டால் ஐயுறுக.

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. கயல்விழியின் அம்மா அச்செய்தியை நம்பியதற்குரிய காரணங்கள் யாவை?
2. பாட்டி கூறிய உவமையில் ‘ஊர் எல்லை’ என்பது எதனைக் குறிக்கிறது?
3. யூபிஐ முறையில் பின் எண் எப்போது தேவைப்படும்?

ஆ. செய்வினையாக மாற்றுக. செய்பவரை நீங்களே சேர்த்து எழுதுக.

1. உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.
2. உங்கள் எண் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.
3. உங்கள் பெயரில் வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இ. சிந்தித்து எழுதுக.

‘அன்றைக்கே நான் சொல்லியிருந்தால், இன்றைக்கு நீ ஒருமுறை யோசித்திருப்பாய்’ என்னும் அப்பாவின் கூற்றை விளக்கி ஒரு பத்தி எழுதுக.

ஈ. செயல்பாடு

1930 என்னும் எண்ணையும் உங்கள் குடும்பத்தார் கணக்கு வைத்துள்ள வங்கியின் உதவி எண்ணையும் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வீட்டில் மாட்டுக. தமிழ் மட்டும் அறிந்த தாத்தா பாட்டி ஊரில் இருந்தால், ‘நான்கு சொற்கள்’ பகுதியை அவர்களுக்குத் தொலைபேசியில் விளக்குக. இதற்கு முன் தமக்கு அப்படி ஓர் அழைப்பு வந்ததுண்டா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை முழுமையாகக் கேட்டு எழுதி வருக.